கல்லறை குடைந்தவர்களின் ஊர்: டெயிர் எல் மெதினா பற்றிப் பேசுவோம்

#1 ஓட்டுச்சில்லு (இழையைத் தொடங்கியவர்)

எகிப்து என்றதும் பிரமிடு, மம்மி, துட்டன்காமுனின் பொன் முகமூடி என்ற மூன்றோடு பேச்சு நின்றுவிடுகிறது. எனக்கு இது நெடுநாள் மனக்குறை. மூவாயிரம் ஆண்டு வரலாற்றை அரசர்களின் சவப்பெட்டிக்குள் அடைத்துவிட்டோம். அந்தச் சவப்பெட்டிகளை வைப்பதற்கு மலையைக் குடைந்தவர்கள் யார், என்ன சாப்பிட்டார்கள், யாரோடு வழக்காடினார்கள் என்று கேட்பவர்கள் குறைவு. இத்தனைக்கும், பல அரசர்களைவிட இவர்களைப் பற்றித்தான் நமக்கு நெருக்கமாகத் தெரியும்.

நைலின் மேற்குக் கரையில், இன்றைய லக்சர் நகருக்கு எதிரே, அரசர்களின் பள்ளத்தாக்குக்கும் அரசிகளின் பள்ளத்தாக்குக்கும் நடுவே ஒரு மொட்டை மலை இடுக்கு இருக்கிறது. அங்கே ஒரு சுற்றுச்சுவர், குறுகலான ஒரு தெரு, ஒட்டி ஒட்டிக் கட்டிய 68 வீடுகள். இதுதான் டெயிர் எல் மெதினா. சுவரின் செங்கற்களில் முதலாம் துட்மோஸின் முத்திரை இருக்கிறது. ஆக, தொடக்கம் ஏறத்தாழ கி.மு. 1500. பதினோராம் ராம்செஸ் காலம்வரை, நானூறு ஆண்டுகளுக்கு மேல், தலைமுறை தலைமுறையாக இந்த ஊரார்க்கு ஒரே தொழில்: மன்னனின் கல்லறையைக் குடைந்து தீட்டுவது.

ஊரில் தண்ணீர் கிடையாது. கழுதை மேல் ஏற்றிக் கீழிருந்து கொண்டுவர வேண்டும். ஒரு கட்டத்தில் ஊருக்கு வடக்கே சுமார் 50 மீட்டர் ஆழத்துக்குப் பெரிய குழி ஒன்றைத் தோண்டினார்கள். நீர் ஊறவில்லை, அது குப்பைக்குழி ஆயிற்று. நமக்கு அதுதான் புதையல். பிரான்ஸ் நாட்டு அகழாய்வாளர் பெர்னார் புரூயேர் 1922 முதல் 1951 வரை இங்கே தோண்டியபோது, அந்தக் குழியிலிருந்து ஆயிரக்கணக்கான பானை ஓட்டுத் துண்டுகளும் சுண்ணாம்புக் கல் சில்லுகளும் வெளிவந்தன. எல்லாவற்றிலும் எழுத்து. கடன் கணக்கு, சலவைக் கணக்கு, காதல் பாட்டு, வழக்கு, கடிதம், பிரார்த்தனை.

இந்த ஊரைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள். கேள்விகளும் வரட்டும்.

#2 புதுமுகம்

வணக்கம். நான் கல்லூரி மாணவன். அடிப்படைக் கேள்விகள்தான். இவர்கள் அடிமைகள் இல்லையா? படங்களில் சாட்டையால் அடித்துக் கல் இழுக்க வைக்கிறார்களே! இன்னொன்று, அக்கால எகிப்தில் நாணயமே கிடையாது என்று படித்தேன். அப்படியென்றால் சம்பளம் எப்படிக் கொடுத்தார்கள்?

#3 பழைய_பாடப்புத்தகம்

தம்பி, முதல் கேள்விக்கு நான் பதில் சொல்கிறேன். முப்பது ஆண்டுக்கு மேல் பள்ளியில் வரலாறு நடத்தியவள் நான். எந்த வகுப்பிலும் முதலில் வருகிற கேள்வி இதுதான்.

பிரமிடும் இந்த ஊரும் வேறு வேறு காலம். கூஃபுவின் பெரிய பிரமிடு எழுந்து ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆன பிறகுதான் டெயிர் எல் மெதினா தோன்றுகிறது. இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம், நமக்கும் இராசராச சோழனுக்கும் இடையிலுள்ளதைப் போன்றது. எல்லாவற்றையும் "பழங்கால எகிப்து" என்று ஒரே மூட்டையாகக் கட்டிவிடுவதால்தான் பாதிக் குழப்பம்.

பிரமிடைக் கட்டியவர்களையும் சாட்டைக்கு அடியில் கிடந்த அடிமைக் கூட்டம் என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வதில்லை. ஒரு லட்சம் பேர் மூன்று மூன்று மாத முறை வைத்து வேலை செய்ததாக கிரேக்கர் ஹெரோடோட்டஸ் எழுதினார். அவர் எழுதியது பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டு கழித்து. 1990-இல் கீசாவில் ஒரு குதிரையின் கால் இடறியது மண்செங்கல் சுவரில். அங்கேதான் வேலையாட்களின் கல்லறைகள் கிடைத்தன. மன்னனின் பிரமிடு நிழலிலேயே அவர்களுக்கு ரொட்டியும் பீரும் வைத்து அடக்கம் செய்திருக்கிறார்கள். 2013-இல் செங்கடல் கரையிலுள்ள வாடி எல் ஜர்ஃபில் பியர் தாலே குழுவினர் கண்டெடுத்த பாப்பிரஸ் (கோரைத் தண்டில் செய்த தாள்) ஏடுகளில் மெரெர் என்ற மேற்பார்வையாளரின் நாட்குறிப்பு இருக்கிறது. டூராவில் வெட்டிய சுண்ணாம்புக் கல்லைப் படகில் கீசாவுக்குக் கொண்டுபோன கணக்கு அது. எழுத்துள்ள பாப்பிரஸ்களில் இதுவரை கிடைத்தவற்றுள் அதுதான் பழமையானது.

அதற்காக எகிப்தில் அடிமைகளே இல்லை என்று சொல்லிவிடக் கூடாது. இரண்டாம் ராம்செஸ் காலத்தில் தீப்ஸ் நகரத்துப் பெண் ஒருத்தி, துணிகளையும் வெண்கலப் பாத்திரங்களையும் விலையாகக் கொடுத்து ஒரு சிரியச் சிறுமியை வாங்கிய வழக்கு பாப்பிரசில் இருக்கிறது. போரில் பிடிபட்டவர்கள் கோயில்களுக்குப் பங்கிடப்பட்டார்கள். கட்டாய உழைப்பும் இருந்தது. ஆனால் டெயிர் எல் மெதினாக்காரர்கள் அரசுச் சம்பளம் வாங்கிய தொழில்நுட்பக்காரர்கள்.

#4 ஓட்டுச்சில்லு

சம்பளக் கேள்விக்கு வருகிறேன். கூலி தானியமாக வந்தது. சாதாரணத் தொழிலாளி ஒருவருக்கு மாதம் 4 கர் கோதுமை, ஒன்றரை கர் பார்லி. கர் என்பது ஒரு மூட்டை அளவு, சுமார் 76 லிட்டர். கோதுமை ரொட்டிக்கு, பார்லி பீருக்கு. மேஸ்திரிக்கு ஐந்தரை கர் கோதுமையும் 2 கர் பார்லியும். இதுபோக மீன், காய்கறி, விறகு, மண்பானை, எண்ணெய், துணி. தண்ணீர் சுமப்பவர், மீனவர், வண்ணார், குயவர் என்று ஊருக்காகவே வெளியே ஒரு கூட்டம் வேலை செய்தது. மாவு அரைக்க அரசே பணிப்பெண்களை அனுப்பியது.

நாணயம் இல்லையே தவிர விலை இருந்தது. தெபென் என்ற செம்பு எடையில், சுமார் 91 கிராம், எல்லாவற்றுக்கும் மதிப்புப் போட்டார்கள். செம்பு கைமாற வேண்டியதில்லை. ஒரு சட்டை 5 தெபென் என்றால், அந்த மதிப்புக்குக் கூடையோ எண்ணெயோ பாயோ கொடுத்துக் கணக்கை நேர் செய்துகொள்வார்கள். ஒரு கழுதை 30 தெபென் அளவில் போனது. கழுதை வாங்கிய கடனுக்கு ஆண்டுக்கணக்கில் இழுத்த வழக்குகள் எல்லாம் இந்தச் சில்லுகளில் இருக்கின்றன.

பத்து நாள் கொண்டது ஒரு வாரம். எட்டு நாள் வேலை, 9-ஆம் 10-ஆம் நாள் ஓய்வு. வேலை நாட்களில் மலை மேட்டில் கல் குடிசைகளிலேயே படுத்துக்கொண்டு, ஓய்வுக்குத்தான் வீட்டுக்கு இறங்குவார்கள். அதனால் வாரத்தின் பெரும்பகுதி ஊர் பெண்களின் கையில்.

#5 செங்கதிர்

தொழிற்சங்கத்தில் இருப்பவன் என்ற முறையில் நான் இந்த இழைக்கு வந்ததே ஒரு நிகழ்ச்சிக்காகத்தான். உலகத்தில் ஆவணமாக எழுதப்பட்ட முதல் வேலைநிறுத்தம் இந்த ஊரில்தான் நடந்தது. மூன்றாம் ராம்செஸின் 29-ஆம் ஆட்சியாண்டு, சுமார் கி.மு. 1157. அதை எழுதி வைத்தவர் அமென்நக்த் என்ற எழுத்தர். அந்தப் பாப்பிரஸ் இன்று இத்தாலியில் டூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

குளிர்காலத்தின் இரண்டாம் மாதம், 10-ஆம் நாள். கூலித் தானியம் வரவில்லை. தொழிலாளர்கள் கருவிகளைப் போட்டுவிட்டு, கல்லறைப் பகுதியின் ஐந்து காவல் சுவர்களையும் தாண்டி, "பசிக்கிறது, மாதத்தில் 18 நாள் போய்விட்டது" என்று சொல்லிக்கொண்டு மூன்றாம் துட்மோஸின் கோயிலுக்குப் பின்னால் போய் உட்கார்ந்தார்கள். அதிகாரிகள் ஓடி வந்து சமாதானம் பேசினார்கள். இவர்கள் எழவில்லை. அடுத்தடுத்த நாட்களில் இரண்டாம் ராம்செஸ் கட்டிய ராமேசியம் கோயிலுக்கே போய்விட்டார்கள். ஏன் அங்கே? தானியக் களஞ்சியங்கள் கோயிலில்தான் இருந்தன! எங்கே உட்கார்ந்தால் வலிக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அங்கே அவர்கள் சொன்னதை அமென்நக்த் அப்படியே எழுதியிருக்கிறார். பசியாலும் தாகத்தாலும் வந்தோம். துணி இல்லை, எண்ணெய் இல்லை, மீன் இல்லை, காய்கறி இல்லை. எங்கள் நல்ல தலைவனான பார்வோனுக்கு எழுதுங்கள், எங்கள் மேலதிகாரியான தலைமை அமைச்சருக்கு எழுதுங்கள், நாங்கள் பிழைக்க வழி செய்யுங்கள் என்பது அதன் சாரம். மூவாயிரத்து நூறு ஆண்டு கழித்துப் படிக்கிறேன். நான் எழுதிய எத்தனையோ கோரிக்கை மனுக்களில் இந்தத் தெளிவு வந்ததில்லை.

கடைசியில் முந்தைய மாதத்துக் கூலி கிடைத்தது. பிரச்சினை தீரவில்லை, மறுபடி நின்றுபோயிற்று. இந்த இடத்தில் ஒருவரைச் சொல்லியே ஆக வேண்டும். மென்ட்மோஸ், மெட்ஜாய் காவலர்களின் தலைவர். காவல்துறைக்காரர்! அவர் தொழிலாளர்களிடம் சொல்கிறார்: வீட்டுக்குப் போய்க் கருவிகளை எடுத்துக்கொள்ளுங்கள், கதவைப் பூட்டுங்கள், மனைவி மக்களை அழைத்து வாருங்கள், நானே முன்னால் நடந்து சேத்தி மன்னன் கோயிலில் உங்களை உட்கார வைக்கிறேன்.

தலைமை அமைச்சர் தோ அந்தப் பக்கமாக வந்தார், ஆனால் இவர்களைப் பார்க்க வரவில்லை. மன்னனின் 30-ஆம் ஆண்டு விழாவுக்காகத் தெற்கிலிருந்த தெய்வத் திருமேனிகளை வடக்கே கொண்டுபோக வந்தார். களஞ்சியமே காலியாக இருக்கிறது, கிடைத்ததைத் தருகிறேன் என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பினார். பாதிக் கூலி வந்தது. விழாவுக்குப் படகு உண்டு, கூலிக்குத் தானியம் இல்லை.

#6 ஆற்றுமணல்

தோழர் செங்கதிரின் உணர்வை மதிக்கிறேன். ஆனால் இங்கே ஒரு பெரிய தரப்பு மறைந்துபோகிறது.

மாதம் ஐந்தரை மூட்டைத் தானியம், வீட்டு வாசலுக்குத் தண்ணீர், துணி துவைக்க வண்ணார், மாவரைக்கப் பணிப்பெண். இவர்களைச் "சாதாரண எகிப்தியர்" என்று எப்படி அழைப்பது? அவர்களுடைய சொந்தக் கல்லறைகளைப் பாருங்கள். 1906-இல் இத்தாலிய அகழாய்வாளர் ஸ்கியாபரெல்லி திறந்த காவின் கல்லறை திருடர் கை படாமல் அப்படியே இருந்தது. கா இந்த ஊரின் மேற்பார்வையாளர். கட்டில், நாற்காலி, மடித்து வைத்த துணிகள், ரொட்டி, அவர் மனைவி மெரித்தின் சவுரி, பொன் தகடு வேய்ந்த முழக்கோல் என்று நூற்றுக்கணக்கான பொருட்கள். இது ஏழையின் வீடா?

அந்த மூட்டைகளில் இருந்த கோதுமையை விளைவித்தவன் எங்கே? அவன் பேர் ஒரு சில்லிலும் இல்லை. அவனைப் பற்றி நமக்குக் கிடைப்பது எழுத்தர் பள்ளிகளில் மாணவர்கள் படியெடுத்த பாடங்கள்தான். பாதி விளைச்சலைப் புழு தின்றது, மீதியை நீர்யானை தின்றது, எலியும் வெட்டுக்கிளியும் வந்தன, அதற்குப் பிறகு வரி வாங்க எழுத்தர் கரையில் வந்து இறங்கினார், தானியம் இல்லை என்றதும் உழவனை அடித்தார்கள், மனைவியையும் பிள்ளைகளையும் கட்டினார்கள் என்று அந்தப் பாடம் போகிறது. அதை எழுதியவர்கள் உழவனுக்காக இரங்கி எழுதவில்லை. "படித்து எழுத்தராகு, இல்லாவிட்டால் உன் கதி இதுதான்" என்று மாணவனைப் பயமுறுத்த எழுதினார்கள்.

என் அப்பா நெல் போட்டவர். களத்துமேட்டில் அளக்கிறவன் கையைப் பார்த்துக்கொண்டு நிற்பது என்னவென்று எனக்குத் தெரியும். அதனால் கேட்கிறேன்: களஞ்சியம் காலியானபோது தொழிலாளிக்கு உட்கார ஒரு கோயில் இருந்தது. உழவனுக்கு என்ன இருந்தது?

#7 ஓட்டுச்சில்லு

ஆற்றுமணல் ஐயா, நியாயமான கேள்வி. இவர்கள் எகிப்தின் சராசரி மக்கள் அல்லர் என்பதில் எனக்கும் மறுப்பு இல்லை. இந்த ஊரில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் விகிதமே நாட்டின் மற்றப் பகுதிகளைவிடப் பன்மடங்கு அதிகம். அதனால்தான் அவர்கள் குரல் நமக்குக் கேட்கிறது.

ஆனால் வசதி இருந்ததால் அவர்கள் வாழ்க்கை பொய்யாகிவிடாது. ஒரு சில்லைக் காட்டுகிறேன். பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கும் சுண்ணாம்புக் கல் பலகை, ஒரு முழ உயரம்கூட இராது. இரண்டாம் ராம்செஸின் 40-ஆம் ஆட்சியாண்டு. வலது ஓரத்தில் வரிசையாக 40 தொழிலாளர்களின் பெயர்கள். ஒவ்வொரு பெயருக்கும் நேராக, வராத நாட்கள் கறுப்பு மையில். அந்தத் தேதிகளுக்கு மேலே, சின்னச் சின்னதாகச் சிவப்பு மையில் காரணம். வருகைப் பதிவேடு!

செபா என்பவனுக்குத் தேள் கொட்டிவிட்டது. ஹுய்நெஃபெருக்குக் கண் நோய். சுண்ணாம்புத் தூசியிலும் விளக்குப் புகையிலும் வேலை செய்தவர்களுக்குக் கண் கெடாமல் இருக்குமா? ஒருவன் பீர் காய்ச்சப் போனான். ஒருவன் இறந்த தாயின் உடலைத் துணியால் சுற்றப் போனான். மனைவிக்கோ மகளுக்கோ மாதவிலக்கு என்றும் பல பேர் விடுப்பு எடுத்திருக்கிறார்கள். பஹெரிபெத்ஜெத் என்பவர் பல நாள் வரவில்லை. மற்றவர்களுக்கு மருந்து தயாரிக்கப் போயிருக்கிறார், அவர்தான் குழுவின் வைத்தியர்.

தாயின் உடலைச் சுற்றப் போனவனின் வரியை நான் எத்தனை முறை படித்தாலும் கடந்து போக முடிவதில்லை. ஊர் முழுக்க மன்னனின் மறுமைக்காக உழைக்கிறது. அவன் அன்று தன் தாயின் மறுமைக்காக விடுப்பு எடுத்தான். எழுத்தரும் அதை ஒரு காரணமாக ஏற்று எழுதிக்கொண்டார்.

#8 நாணல்

தாய் என்றதும் நௌநக்தே பாட்டியைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. முதியோர் பராமரிப்பில் வேலை செய்கிறேன். என்னோடு வேலை பார்க்கும் எல்லோருக்கும் இந்தக் கதையைச் சொல்லியிருக்கிறேன்.

ஐந்தாம் ராம்செஸின் 3-ஆம் ஆட்சியாண்டு. இந்த ஊர் மூதாட்டி நௌநக்தே, சாட்சிகளைக் கூட்டி வைத்துக்கொண்டு நீதிமன்றத்தில் தன் உயிலைச் சொல்கிறார். முதல் கணவர் கென்ஹெர்கெப்ஷெஃப் என்ற எழுத்தர். அவரைவிட மிக இளையவர் இவர். அவர் இறந்த பிறகு கெம்னூன் என்ற தொழிலாளியை மணந்து எட்டுப் பிள்ளைகளைப் பெற்றார். உயிலில் அவர் பேசுவதன் சாரம் இது: நான் பார்வோன் நாட்டில் உரிமையுள்ள பெண். இந்த எட்டுப் பேரையும் வளர்த்தேன், அவரவர் வீடு அமைக்க வேண்டியதெல்லாம் கொடுத்தேன். எனக்கு வயதாகிவிட்டது, இவர்கள் என்னைப் பார்த்துக்கொள்ளவில்லை. எவர் எனக்குக் கை கொடுத்தாரோ அவருக்கு என் சொத்து. கொடுக்காதவருக்குக் கொடுக்க மாட்டேன்.

சொன்னபடி செய்தார். சில பிள்ளைகளின் பெயர்களைச் சொல்லி நீக்கினார். பார்த்துக்கொண்ட மகன் ஒருவனுக்குத் தனியாக ஒரு வெண்கலப் பாத்திரம் எழுதி வைத்தார். முதல் கணவர் வழி வந்த சொத்து தனி, தன் சொந்தச் சொத்து தனி, இரண்டாம் கணவருடையது தனி என்று பிரித்துச் சொல்கிறார். பிள்ளைகளின் தந்தை தன் பங்கைக் கொடுப்பதில் தான் தலையிடவில்லை என்பதையும் தெளிவாக வைக்கிறார்.

ஒரு பெண் தன் சொத்தைத் தன் பெயரில் வைத்திருந்தாள், நீதிமன்றத்தில் தானே நின்று பேசினாள், மகனை நீக்கினாள். உலகின் பல நாடுகளில் பெண்களுக்கு இந்த உரிமை 19-ஆம் நூற்றாண்டில்தான் வந்தது. எகிப்துப் பண்பாடு என்று எவராவது கேட்டால் நான் முதலில் இந்தப் பாட்டியைத்தான் காட்டுவேன்.

#9 உளிச்சத்தம்

நான் சிற்ப வேலை செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தவன். மற்றவர்கள் எழுதாத ஒன்றை எழுதுகிறேன்: வேலை எப்படி நடந்தது.

ஹொரெம்ஹெப் மன்னனின் கல்லறை முடிக்கப்படாமல் நின்றுபோனது. அதனாலேயே அது எனக்குப் பெரிய பாடம். ஒரு சுவரில் வெறும் கட்டங்கள். செங்காவி தோய்த்த நூலை இழுத்துப் பிடித்துச் சுண்டிவிட்ட கோடுகள் அவை. எங்கள் பட்டறையில் இன்றும் அப்படித்தான் செய்கிறோம். அடுத்து, சிவப்பில் ஒருவர் உருவத்தை வரைந்திருக்கிறார். அதன் மேலேயே மூத்த கைகாரர் ஒருவர் கறுப்பில் திருத்தியிருக்கிறார்: தோளை இறக்கியிருக்கிறார், விரலை நீட்டியிருக்கிறார். அதற்கப்புறம் செதுக்குபவர் கறுப்புக் கோட்டைப் பிடித்துக்கொண்டு உளி வைத்திருக்கிறார். பாதி உடல் புடைப்பாக வந்து, மீதி கோடாகவே நிற்கும் உருவங்கள் இருக்கின்றன. குருவும் சீடனும் ஒரே சுவரில்.

குழு கப்பல்காரர்கள்போல வலப்பக்கம், இடப்பக்கம் என்று இரண்டாகப் பிரிந்திருந்தது. ஆளுக்கொரு மேஸ்திரி. மொத்தம் பெரும்பாலும் 40, 60 பேர்தான். நான்காம் ராம்செஸ் ஒரேயடியாக 120 ஆக்கினார். உளி அரசாங்கச் சொத்து. செம்பு உளியை எடை போட்டுக் கொடுப்பார்கள். மழுங்கினால் திருப்பிக் கொடுத்துப் புதிதாக அடித்து வாங்க வேண்டும். எடை குறைந்தால் கேள்வி வரும். செம்பு அன்றைய பணம் அல்லவா! விளக்குத் திரியும் எண்ணித்தான் கொடுத்தார்கள். காலை எத்தனை, பிற்பகல் எத்தனை என்று எழுத்தர் குறித்த கணக்குகள் இருக்கின்றன. முதலாம் சேத்தியின் கல்லறை 137 மீட்டர் மலைக்குள் போகிறது. அங்கே சூரிய வெளிச்சம் ஏது? அத்தனை வண்ணமும் திரி வெளிச்சத்தில் தீட்டியவை.

ஓய்வில் அதே கைகள் கல் சில்லுகளில் வேடிக்கைப் படங்களும் வரைந்திருக்கின்றன. சீமாட்டிபோல நாற்காலியில் எலி உட்கார்ந்திருக்கும், பூனை நின்று விசிறும்.

#10 கடலோடி

அருமையான இழை. தமிழர்களே எகிப்துக்குப் போய்க் கட்டடக் கலையைக் கற்றுக் கொடுத்தார்கள் என்று ஒரு காணொளியில் பார்த்தேன். இரண்டாம் ராம்செஸின் மம்மியில் மிளகு கிடைத்ததைச் சான்றாகச் சொல்கிறார்கள். உண்மையா?

#11 பழைய_பாடப்புத்தகம்

மிளகு உண்மை, மற்றது இல்லை.

கி.மு. 1213-இல் இறந்த இரண்டாம் ராம்செஸின் மூக்கில் கருமிளகு மணிகள் வைக்கப்பட்டிருந்தன. மிளகின் தாய்நிலம் நம் மேற்குத் தொடர்ச்சி மலைதான். ஆனால் ஒரு பொருள் பல கை மாறிப் பல துறைமுகம் தாண்டிப் போகலாம். அதை வைத்து யார் போனார்கள் என்று சொல்லிவிட முடியாது. கட்டடக் கலைக்கும் அதற்கும் தொடர்பே இல்லை.

நமக்கு நிற்கக்கூடிய சான்று இருக்கும்போது இந்தக் கற்பனை எதற்கு? ரோமர் காலத்துச் செங்கடல் துறைமுகங்களுக்கு வாருங்கள். குசெய்ர் அல் கதீமில் "பானை ஒறி" என்று தமிழ்ப் பிராமியில் எழுதிய பானை ஓடு கிடைத்தது. பெரெனிகேயில் "கொற்பூமான்" என்ற பெயர் கீறிய ஓடு கிடைத்தது. அதே பெரெனிகேயில் ஒரு கோயிலில், இந்தியாவில் செய்த பெரிய தாழியில் ஏழரை கிலோவுக்கு மேல் மிளகு இருந்தது. இவை ராம்செஸுக்கு ஆயிரம் ஆண்டுக்கும் பிந்தியவை. இதைச் சொல்லிப் பெருமைப்படலாம், யாரும் மறுக்க முடியாது. அடுத்தவர் கட்டிய கல்லறைக்கு நாம் உரிமை கொண்டாடினால், அதைக் கட்டியவனை இரண்டாம் முறை புதைக்கிறோம். செபாவும் ஹுய்நெஃபெரும் எகிப்தியர்கள்.

#12 ஆற்றுமணல்

வேலைநிறுத்தத்தைப் பற்றிப் பேசினோம். இந்த ஊரின் மறுபக்கத்தையும் வைத்துவிடுகிறேன். பனெப் என்று ஒரு மேஸ்திரி. தலைமை அமைச்சருக்கு லஞ்சம் கொடுத்துப் பதவிக்கு வந்தான், இரண்டாம் சேத்தியின் கல்லறையிலிருந்து பொருட்களைத் திருடினான், அரசின் வேலையாட்களைக் கொண்டு தன் சொந்தக் கல்லறைக்குக் கல் வெட்டினான், அடுத்தவர் மனைவியரோடு உறவு வைத்தான், மன்னனின் கல் பேழை மேலேயே குடித்துவிட்டு உட்கார்ந்தான் என்று நீளமான குற்றப் பட்டியல் பாப்பிரசில் இருக்கிறது. எழுதியவர் அந்தப் பதவியை எதிர்பார்த்து ஏமாந்தவர் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

பிற்காலத்தில் ஒன்பதாம் ராம்செஸ் ஆட்சியில் கல்லறைத் திருட்டு விசாரணை நடந்தது. அமென்பனூஃபெர் என்ற கல்தச்சன் (இவன் இந்த ஊரான் அல்லன், அமுன் என்ற கடவுளின் கோயில் ஆள்) தந்த வாக்குமூலம் படிக்க வேண்டியது. மன்னனின் பொன்னை எட்டுப் பேர் ஆளுக்கு 20 தெபென் பங்கிட்டார்கள். பிடிபட்டதும் தன் பங்கை எழுத்தரிடம் கொடுத்து வெளியே வந்தான். கூட்டாளிகள் தங்கள் பங்கிலிருந்து மறுபடி அவனுக்கு ஈடு செய்தார்கள். மேலே இருப்பவனே விற்பனைக்கு இருந்தால் கீழே இருப்பவன் என்ன செய்வான்?

#13 செங்கதிர்

இந்த இடத்தில் நாம் இருவரும் ஒன்றுதான், ஆற்றுமணல். எழுத்தர் அமென்நக்தையே எடுத்துக்கொள்ளுங்கள். மனு எழுதியவரும் அவர்தான், "துறைமுகம்வரை போனால் உங்கள்மேல் வழக்குப் போடுவேன்" என்று மிரட்டியவரும் அவர்தான். அதே அமென்நக்த்தான் நான்காம் ராம்செஸ் காலத்தில் வாடி ஹம்மாமத்தின் பொன் சுரங்கங்களையும் கல் சுரங்கங்களையும் மலை நிறம் வேறுபடுத்தி வரைபடமாக வரைந்தவர் என்று அறிஞர்கள் கொள்கிறார்கள். நிலவியல் வரைபடங்களில் உலகில் கிடைத்த மிகப் பழையது அது. ஒரே மனிதருக்குள் இத்தனை.

#14 புதுமுகம்

நன்றி, எல்லோருக்கும். கடைசியாக ஒன்று. இந்த ஊர் எப்படி முடிந்தது?

#15 ஓட்டுச்சில்லு

பாலைவனத்திலிருந்து லிபியக் கூட்டங்கள் தாக்கத் தொடங்கின. தானியவிலை ஏறியது, கூலி தாமதம் வழக்கமானது, பல முறை வேலை நின்றது. பதினோராம் ராம்செஸ் காலத்தில் ஊரார் கீழே மெதினத் ஹாபு கோயிலின் பெரிய மதில்களுக்குள் குடியேறினார்கள். எழுத்தர் துட்மோஸும் அவர் மகன் பூத்தஹமுனும் எழுதிக்கொண்ட கடிதங்கள் கிடைத்திருக்கின்றன. வயதான துட்மோஸ் தெற்கே நூபியாவுக்குப் படையோடு அனுப்பப்பட்டு, உடம்பு முடியவில்லை, எனக்காக அமுனிடம் வேண்டிக்கொள் என்று வீட்டுக்கு எழுதுகிறார்.

மகன் பூத்தஹமுன் செய்த வேலைதான் நெஞ்சைப் பிசைவது. அரசர்களின் மம்மிகளை மறைவிடங்களுக்கு மாற்றும் பணியில் அவர் இருந்தார். அவற்றை மறுபடி துணியால் சுற்றினார்கள். மிச்சமிருந்த பொன்னையும் அரசு எடுத்துக்கொண்டது. அப்படி ஒளித்து வைத்த உடல்கள்தான் 1881-இல் டெயிர் எல் பஹ்ரியில் ஒரே குழியில் கிடைத்தன. 2021 ஏப்ரல் 3 அன்று கெய்ரோவில் 22 அரச மம்மிகளை ஊர்வலமாகக் கொண்டுபோனதை உலகமே பார்த்தது. அவற்றில் பலவும் அந்தக் குழியிலிருந்து வந்தவை. பூத்தஹமுன் வீட்டுத் தூண்கள் மெதினத் ஹாபுவில் இன்றும் நிற்கின்றன. லக்சர் போகிறவர்கள் அரசர்களின் பள்ளத்தாக்கோடு திரும்பிவிடாமல் அந்த வீட்டையும் டெயிர் எல் மெதினாவையும் பார்த்துவிட்டு வாருங்கள். இந்த ஊர்த் தொழிலாளி சென்னெஜெமின் கல்லறையில் அவரும் மனைவி இய்நெஃபெர்த்தியும் மறுமை வயலில் உழுது விதைக்கும் ஓவியம் இருக்கிறது. அவர் பிடிக்கும் கலப்பையைப் பாருங்கள், அவர் போட்டிருக்கும் வெள்ளை உடையையும் பாருங்கள்.

#16 ஆற்றுமணல்

வெள்ளை உடையில் உழுகிறவர் சொர்க்கத்தில்தான் இருப்பார், ஓட்டுச்சில்லு. சேற்றில் உழுதவனைப் பற்றிப் பேச எதுவுமே இல்லையா?

#17 பழைய_பாடப்புத்தகம்

இருக்கிறது. வில்பர் பாப்பிரஸ், புரூக்ளின் அருங்காட்சியகம். ஐந்தாம் ராம்செஸின் 4-ஆம் ஆட்சியாண்டு. நாணல் சொன்ன நௌநக்தே உயில் எழுதிய அடுத்த ஆண்டு. ஏறக்குறைய பத்து மீட்டர் நீளச் சுருள். நடு எகிப்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட நிலத் துண்டுகளை அளந்து, எந்தக் கோயிலுக்கு உரியது, யார் கையில் இருக்கிறது, எவ்வளவு தானியம் கட்ட வேண்டும் என்று வரிவரியாக எழுதியிருக்கிறது. படைவீரர், பூசாரி, மேய்ப்பர், குதிரைக்காரர், உழவர், பெண்கள் என்று பெயரோடு வருகிறார்கள்.

#18 ஆற்றுமணல்

அம்மா, இதற்குத் தனி இழை வேண்டும். நீங்கள் நில அளவையிலிருந்து தொடங்குங்கள். வரி விகிதத்தையும் நைல் வெள்ள அளவையும் நான் எழுதுகிறேன்.